பில்லில் வராத செலவு: நீலகிரிக் குடும்பங்களும் மருத்துவக் கடனும்

ஒரு வீடு வைத்தியத்தால் கடனில் விழுந்துவிட்டது என்றால், அக்கம்பக்கத்தில் முதலில் கேட்பது "ஆஸ்பத்திரி பில் எவ்வளவு ஆச்சு?" என்றுதான். நீலகிரியில் அரசு மருத்துவமனைக்கு மட்டுமே போய்வந்த வீடுகளிலும் கடன் இருக்கிறது. எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை ஜீப், கோவைக்கு இறங்க வண்டி, வெளியில் எடுத்த ஸ்கேன், கூட இருந்தவர் இழந்த கூலி, இரண்டு பேர் சாப்பாடு, இதற்கெல்லாம் அவசரத்தில் புரட்டிய பணத்துக்கு வட்டி. இதில் பெரும்பாலானவற்றுக்கு ரசீதே கிடையாது, காப்பீட்டு அட்டையும் உதவாது. மலையில் இருப்பவர்கள் முன்கூட்டியே தயாராக வேண்டியது இந்தச் செலவுக்குத்தான்.

நாட்டுக் கணக்கு ஒரு பக்கம் நல்ல செய்தியாகத்தான் இருக்கிறது. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கைக்காசு போட்ட பங்கு 2013-14ல் 64.2 சதவீதம். 2021-22ல் அது 39.4 சதவீதமாக இறங்கியது. உணவு போன்ற அடிப்படைத் தேவை போக மிஞ்சும் தொகையில் 40 சதவீதத்துக்கு மேல் வைத்தியத்துக்குப் போனால் அதைக் குடும்பத்தை நிலைகுலைக்கும் செலவு என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஓர் அளவுகோல் சொல்கிறது. வீட்டின் மொத்தச் செலவில் 10 சதவீதம், 25 சதவீதம் என்று கோடு போடும் முறையும் உண்டு. எல்லாமே கொடுத்த பணத்தைத்தான் எண்ணுகின்றன. வராமல் போன கூலி இந்தக் கணக்கில் ஏறாது. காசில்லை என்று வைத்தியமே பார்க்காமல் படுத்திருப்பவர் செலவே செய்யாதவராகப் பதிவாகிறார். கென்யா, நைஜீரியா போன்ற நாடுகளில் பில் கட்ட முடியாத நோயாளிகளை மருத்துவமனையிலேயே பிடித்து வைத்த செய்திகள் வந்திருக்கின்றன. நம் மாநிலத்தில் இலவச அரசு மருத்துவமனை அந்த நிலையிலிருந்து ஏழைகளைக் காத்துவருகிறது. வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையில் ஆகும் செலவை மட்டும் குடும்பமே சுமக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். மழை நாளில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் சரிவில் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிடுகிறது. கோவை அரசு மருத்துவமனையில் பிளேட் வைத்து அறுவைச் சிகிச்சை, முழுக்க இலவசம். நாள் கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாது. ஞாயிறு நீக்கி 75 நாள். கணவரோ மகளோ வார்டில் 12 நாள், வீட்டில் 8 நாள், ஆக 20 நாள் கூட இருக்கிறார். 95 நாள் கூலி 42,750 ரூபாய். டிஸ்சார்ஜ் அன்று முறிந்த காலை நீட்டியபடி மலையேற டாக்சி, அதற்கு முன் ஜீப், எல்லாமாக 5,000. கூட இருப்பவர் சாப்பாடு நாளுக்கு 200 வீதம் 12 நாளைக்கு 2,400. மறுபரிசோதனைக்கு மூன்று முறை இறங்கி ஏற, முறைக்கு 1,200 என்றால் 3,600. கூட்டினால் 53,750. மருத்துவமனைக்குக் கட்டியது ஒரு ரூபாய்கூட இல்லை. இதில் 40,000ஐ மாதம் நூற்றுக்கு 3 வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,200, வருடத்துக்கு 14,400. அசல் அப்படியே நிற்கும்.

இந்தக் கணக்கில் நம் கையில் இருப்பவை சில உண்டு. முதலாவது, கூட இருப்பவரின் நாட்கள். பெரும்பாலும் வீட்டில் அதிகம் சம்பாதிப்பவர்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். பேசத் தெரிந்தவரும் அவராகத்தான் இருப்பார். அட்மிஷன், ஆபரேஷன், டிஸ்சார்ஜ் ஆகிய மூன்று நாட்களுக்கு அவர் இருந்தால் போதும். நடுவில் உள்ள நாட்களுக்குக் கூலிவேலை இல்லாத அக்காவோ சித்தியோ அண்ணியோ இருக்கலாம். பெண்கள் வார்டில் இரவில் பெண்களைத்தான் தங்கவிடுவார்கள் என்பதால் இதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கணவர் வராந்தாவிலும் மகள் வார்டிலுமாக இரண்டு கூலி போகும்.

அடுத்தது மறுபரிசோதனை. தையல் பிரிக்க, கட்டு மாற்ற, எக்ஸ்ரே எடுக்க எல்லாவற்றுக்கும் கோவைக்கே வரச் சொன்னார்கள் என்று பலர் இறங்குகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போதே மருத்துவரிடம், "தையலைக் கூடலூரிலேயே பிரிக்கலாமா, எக்ஸ்ரேயை ஊட்டியில் எடுத்துக்கொண்டு வரலாமா?" என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்க வேண்டும். எழுதியிருந்தால் உள்ளூர் மருத்துவமனையில் தயங்காமல் செய்வார்கள், வாய்மொழியாகச் சொன்னதற்கு மதிப்பில்லை. மூன்று முறை இறங்குவதை ஒருமுறையாகக் குறைக்க இந்த இரண்டு வரி போதும்.

கோவைக்கு இறங்கத்தான் வேண்டுமா என்பதையும் முதலில் கேட்க வேண்டும். முன்பு கொஞ்சம் பெரிய நோய் என்றாலே கோவைதான் என்ற நிலை. இப்போது ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவமனை 700 படுக்கைகளுடன் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது, பழங்குடியினருக்குத் தனி வார்டும் உண்டு. குன்னூர் லாலி மருத்துவமனை, கோத்தகிரி, கூடலூர் அரசு மருத்துவமனைகள் ஆகியவற்றில் என்னென்ன நடக்கிறது, எந்தக் கிழமை எந்த நிபுணர் வருகிறார் என்பதை 104 சுகாதார உதவி எண்ணுக்கு அடித்தோ, உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நிபுணர் இல்லாத நாளில் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி வீண். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் பலர் கேரளத்துக்குப் போவார்கள், தூரமும் அங்கேதான் குறைவு. ஆனால் நம் காப்பீட்டு அட்டை அங்கே அந்த மருத்துவமனையில் செல்லுமா என்று கிளம்பும் முன்பே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் இலவச எண்ணான 1800 425 3993ல் கேட்டுவிட வேண்டும். அட்டை செல்லும் என்ற நினைப்பில் அட்மிட் ஆகிவிட்டு, பிறகு நகையைக் கழற்றியவர்கள் அந்தப் பக்கம் ஏராளம்.

இனி அட்டை விஷயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் சேரலாம். ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் 60 ரூபாய் கட்டணம். பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்தில் படமும் ரேகையும் எடுப்பார்கள். சொல்வதற்குச் சுலபம். சேரம்பாடியிலிருந்தோ பந்தலூரிலிருந்தோ ஊட்டி போய்வர ஒரு முழு நாள் வேண்டும். நோயாளி கோவையில் படுத்திருக்க, வீட்டுக்காரர் சான்றுக்காக மலையேறி இ-சேவைக்கும் வருவாய் ஆய்வாளர் அலுவலகத்துக்கும் அலைகிற கதை அட்டை இல்லாத வீடுகளில் எல்லாம் நடக்கிறது. சிலர் அந்த அலைச்சலுக்குப் பயந்தே பணம் கட்டிவிடுகிறார்கள். எல்லாரும் நலமாக இருக்கும்போது, மழையில்லாத ஒரு மாதத்தில் இதை முடித்து வைப்பதுதான் இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாவற்றையும்விட அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும்.

அட்டை வைத்திருந்தும் தடுக்குகிற இடங்கள் உண்டு. மகனுக்குக் கல்யாணமாகித் தனி ரேஷன் கார்டு வாங்கியிருப்பார், காப்பீட்டில் அவர் பெயர் அப்பா கார்டிலேயே இருக்கும். மருமகள் பெயர் இரண்டிலும் இருக்காது. பிறகு பிறந்த பிள்ளைகளைச் சேர்த்திருக்க மாட்டார்கள். ஆதாரில் ஒரு எழுத்து, ஸ்மார்ட் கார்டில் வேறு எழுத்து. வருடக்கணக்கில் கொழுந்து கிள்ளிய விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறையேறி, பனிக்காலத்தில் வெடித்து, இயந்திரம் "பொருந்தவில்லை" என்றே காட்டும். அப்படியானால் மற்ற விரல்களை வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். முதல் நாள் இரவு தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, காலையில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு போனால் சிலருக்குப் பிடிக்கும். அதுவும் முடியாவிட்டால் ஆதார் மையத்தில் ரேகையையும் கண்விழிப் பதிவையும் புதுப்பித்துக்கொள்வது ஒன்றே வழி. இந்த வேலையும் நோய் வருவதற்கு முன்பே நடக்க வேண்டியது.

ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டும் நேரமும் முக்கியம். எதற்கும் பணம் கட்டுவதற்கு முன்பே, பதிவு செய்யும் மேசையிலேயே "காப்பீட்டில் பார்க்கிறோம்" என்று சொல்லிவிட வேண்டும். தனியார் மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. உங்கள் நோய்க்கான பிரிவுக்கும் அது அனுமதி பெற்றிருக்க வேண்டும். இதயத்துக்கு அனுமதி பெற்ற இடம் எலும்புக்குப் பெற்றிருக்காது. அவசரமில்லாத சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து முன் அனுமதி வரும் வரை காத்திருக்க வேண்டும்; அது வந்துவிட்டதா என்று மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடம் தினமும் கேளுங்கள். திட்டத்தில் சேர்த்த பிறகும் "இது பேக்கேஜில் வராது, தனியாகக் கட்டுங்கள்" என்றால், கட்டுவதற்கு முன் மேலே சொன்ன 1800 எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு சொல்லும் புகாரில் பணம் திரும்பி வருவது அரிது.

இந்தத் திட்டம் படுக்கையில் சேர்ந்து செய்யும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கானது. ஓபி சீட்டுப் போட்டுப் பார்க்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, மாதா மாதம் வாங்கும் மாத்திரை எதுவும் இதில் வராது. ஒரு வீட்டை மெதுவாகக் கரைப்பது இந்த மாதச் செலவுதான். மருந்துக்கடையில் மாதம் 1,500 கொடுக்கும் வீடு வருடத்துக்கு 18,000 கொடுக்கிறது. அதே மாத்திரைகளில் பெரும்பாலானவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஒருமுறை சுகாதார நிலையத்தில் பதிந்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும். அங்கே கிடைக்காத மருந்துக்கு மலிவு விலைக் கடைகளான மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் இரண்டையும் பார்க்கலாம். மருத்துவரிடம் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். "மெட்ஃபார்மின் 500" என்று இருந்தால் எங்கேயும் வாங்கலாம். விலை குறைந்த மாத்திரை வேலை செய்யாது என்ற பேச்சை நம்பி, பாதி நாள் மாத்திரை போட்டுப் பாதி நாள் விடுபவர்கள் நிறைய. விட்டு விட்டுப் போட்ட சர்க்கரை மாத்திரைக்கு விலை பிறகு காலில் புண்ணாக, சிறுநீரகத்தில் டயாலிசிஸாக வருகிறது. டயாலிசிஸ் காப்பீட்டில் இலவசம்தான். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் என்றால் அந்த வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போவது நின்றுவிடும்.

தோட்டத் தொழிலாளர்களுக்கு இன்னொரு விஷயம். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த காலத்திலிருந்தே தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி தருவது எஸ்டேட்டின் கடமை. நோய்க்கால உதவித்தொகையும் உண்டு. அந்தத் தொகையைக் கேட்க, மருத்துவச் சான்றை உடனே ஆபீசில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். தற்காலிகமாகக் கொழுந்து எடுப்பவர்கள், ஏக்கர் அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் ஆகியோருக்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் சில உதவிகள் கிடைக்கும்; பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் அதுவும் இல்லை.

சிறு விவசாயி வீட்டில் நோய் வந்தால் முதலில் போவது, பச்சைத் தேயிலையை வாங்கும் இலை ஏஜென்டிடம் முன்பணத்துக்கு. வட்டி இல்லை என்றுதான் தருவார். அந்தக் கடன் தீரும் வரை இலையை அவருக்கே போட வேண்டும், அவர் சொன்ன விலையே விலை. கிலோவுக்கு 1 ரூபாய் குறைவு, மாதம் 600 கிலோ இலை என்றால் 600 ரூபாய். 20,000 முன்பணத்துக்கு இது நூற்றுக்கு 3 வட்டி. எடையில் ஈரக்கழிவு என்று பிடிப்பது தனி. வீட்டில் ஒரு நகையையாவது பயிர்க்கடனுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வைக்காமல் ஆஸ்பத்திரிக்கென்று ஒதுக்கி வைப்பது நல்லது. கூட்டுறவு வங்கியிலோ வேறு வங்கியிலோ நகைக்கடன் வட்டி, கைமாற்று வட்டியில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். வங்கி இரவில் திறந்திருக்காது என்பதால்தான் மீட்டர் வட்டிக்காரர் வாசலில் நிற்க நேர்கிறது. முதல் இரண்டு நாள் வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டிய 5,000 ரூபாய் மகளிர் குழுவில் தனிப் பெட்டியாக இருந்தால், மூன்றாம் நாள் வங்கிக்குப் போகலாம். குழுவில் மாதம் தலைக்கு 20 ரூபாய், 15 பேர் என்றால் ஒன்றரை வருடத்தில் 5,400 சேரும். இந்தப் பணத்தைக் கடனாக மட்டுமே கொடுங்கள், ஆறு மாதத்தில் திருப்ப வேண்டும் என்று முதலிலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். அப்படி எழுதாத குழுக்களில் இரண்டாவது நோயாளிக்குப் பெட்டி காலியாக இருக்கும்.

கூடலூரில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆதிவாசி முன்னேற்ற சங்கத்தின் குடும்பங்கள் வருடாவருடம் ஒரு சிறு தொகை கட்ட, அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை சிகிச்சை தர, 1992லேயே ஒரு மருத்துவக் காப்பீடு தொடங்கியது. அதையும் குஜராத்தின் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பின் காப்பீட்டையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்றில், நிலைகுலைக்கும் செலவில் விழும் குடும்பங்களை இரண்டு காப்பீடுகளுமே ஏறக்குறையப் பாதியாகக் குறைத்திருந்தன. அதன் பிறகும் படுக்கையில் சேர்ந்தவர்களின் குடும்பங்களில் சேவாவில் 23 சதவீதம் அப்படி விழுந்தன, கூடலூரில் 4 சதவீதம்தான். காப்பீட்டோடு மருத்துவமனையும் ஊருக்கு அருகிலேயே, தம் மக்களாலேயே நடத்தப்படுவதுதான் இதற்கு முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. காப்பீட்டுத் தொகையை ஏற்றிக்கொண்டே போவதைவிட, மலையிலேயே மயக்க மருத்துவரையும் எலும்பு மருத்துவரையும் நிரந்தரமாக அமர்த்துவது ஏழைக்கு அதிகம் மிச்சப்படுத்தும்.

தெரிந்திருந்தால் உதவுபவை இன்னும் சில. மலைப்பாதையில் வாகன விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்; வருமானம், அட்டை எதுவும் கேட்கக்கூடாது. தோட்டத்தில் வழுக்கி விழுந்ததற்கு இது பொருந்தாது. யானையோ காட்டுமாடோ தாக்கினால் அன்றைக்கே வனத்துறைக்குத் தெரிவித்து, மருத்துவமனையில் காயச் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் இழப்பீடு நகராது. காசநோய்க்கு மருந்து இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500ஆக இருந்தது. ஆதாரோடு இணைந்த கணக்கு இல்லாதவர்களுக்கு அது நின்றுபோகிறது. சென்னைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிறவர் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறும் முன், ரயில்வே படிவத்தில் மருத்துவமனைச் சான்று வாங்கினால் ஸ்லீப்பரில் நோயாளிக்கு முழுச் சலுகை, கூட வருபவருக்கு 75 சதவீதம். அரசு மருத்துவமனையில் பிரசவமானால் வீட்டுக்குக் கொண்டுவிட 102 வண்டி உண்டு. 108 வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவிடாது என்பதால் மற்றவர்களுக்கு டிஸ்சார்ஜ் வண்டிச் செலவு நிச்சயம். அரசு மருத்துவமனையில் இறந்தவரைக் கொண்டுவர 155377 எண்ணில் இலவச அமரர் ஊர்தி கேட்கலாம். இந்த எண் தெரியாததால், கோவையிலிருந்து கூடலூருக்குத் தனியார் வண்டி பேசி, அழுகையினிடையே கேட்ட தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள்.

தனியார் மருத்துவமனையில் பணம் கட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தால் மூன்று உரிமைகளை நினைவில் வையுங்கள். தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைப் பட்டயத்தில் இவை இருக்கின்றன: ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை போட்ட பில் கேட்கலாம், மருந்தையும் பரிசோதனையையும் வெளியில் செய்துகொள்ளலாம், டிஸ்சார்ஜ் ஆன 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவண நகல் கேட்கலாம். ஆவணங்களை ஒரே ஃபைலில் தேதிவாரியாக வைத்து, ஸ்கேன் ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் மட்டும் இருந்து ஃபிலிம் வீட்டில் இருந்தால் அடுத்த மருத்துவமனையில் புதிதாக எடுக்கச் சொல்வார்கள். ஃபிலிமைச் சுருட்டாமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவில், ஈரம் படாத பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். மலை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஃபிலிமைப் பிரித்தால் படம் உரிந்துவிடும். எல்லாச் சீட்டையும் போனிலும் படமெடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.